முண்டக்கைக்கு எதற்குக் கடன்?



2025 மார்ச் 10 திங்கட்கிழமை நாடாளுமன்றம் மீண்டும் கூடுகிறது. மார்ச் 31 அன்று, வயநாட்டு நிலச்சரிவு மறுவாழ்வுக் கடனைச் செலவழிக்க ஒன்றிய அரசு வைத்த கெடு முடிகிறது. நடுவில் இருப்பது மூன்றே வாரம். ஏப்ரல் 2-இல் தொடங்கும் நம் மார்க்சிஸ்ட் கட்சியின் மதுரை மாநாட்டுக்காகச் சுவரெழுத்தும் உண்டியலுமாக அலைந்துகொண்டிருக்கும் உங்கள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுகிறேன். தள்ளிப்போட முடியாத வேலை.

2024 ஜூலை 30 விடியுமுன் வயநாட்டின் புஞ்சிரிமட்டத்து மலை உடைந்து இறங்கியது. முண்டக்கையும் சூரல்மலையும் சேற்றில் போயின. சாலியாறு பிணங்களை நிலம்பூர் வரை இழுத்துச் சென்றது. ஏறத்தாழ 300 உயிர்கள். பலர் தேயிலைத் தோட்டத்தை நம்பி வாழ்ந்தவர்கள். நம் நீலகிரிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்களும் அதில் உண்டு. ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் வந்து பார்த்தார். அது கடுமையான பேரிடர்தான் என்று தாளில் ஒப்புக்கொள்ள டில்லிக்கு டிசம்பர் கடைசி ஆயிற்று. அதே டிசம்பரில் இன்னொரு தாளும் வந்தது: 2006 முதல் ராணுவ விமானங்கள் செய்த மீட்புப் பணிகளுக்கு, வயநாட்டையும் சேர்த்து, 132.62 கோடி ரூபாய் கட்டு என்று.

மறுவாழ்வுக்குக் கேரளம் கேட்டது 2,200 கோடிக்கு மேல். 2025 பிப்ரவரியில் வந்தது 529.50 கோடி, அதுவும் கடனாக. 16 பணிகளுக்கு மட்டும். மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும். ஒன்றரை மாதத்தில் ஒரு ஊரைக் கட்டி முடித்த அரசு உலகத்தில் எங்காவது இருந்தால் காட்டுங்கள். அதே பிப்ரவரி 19-இல் ஆந்திரம், நாகாலாந்து, ஒடிசா, தெலங்கானா, திரிபுரா ஆகிய ஐந்து மாநிலங்களுக்குப் பேரிடர் நிதியாக 1,554.99 கோடி ஒப்புதல் ஆனது. அவர்களுக்குக் கொடுத்ததில் நமக்கு வருத்தம் இல்லை. கேரளத்துக்கு மட்டும் ஏன் கடன்?

“வட்டியில்லாக் கடன்தானே, 50 வருடத்தில் கட்டினால் போதுமே” என்று டீக்கடையில் கேட்பார்கள். நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 293-ஆவது பிரிவு, 3-ஆவது உட்பிரிவு சொல்வது இது: ஒன்றிய அரசிடம் வாங்கிய கடனில் பாக்கி இருக்கும்வரை, ஒரு மாநிலம் புதிதாக யாரிடம் கடன் வாங்கவும் ஒன்றிய அரசின் இசைவு வேண்டும். பாக்கி பைசல் ஆகிவிட்டால் இந்த இசைவு தேவையில்லை. ஒன்றிய அரசு நடுவில் நின்று மாநிலங்களுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தட்டும், மாநிலங்கள் சந்தையில் நேராக வாங்கிக்கொள்ளட்டும் என்று 12-ஆவது நிதிக்குழு சொன்னது. அந்தப் போக்கு நீடித்திருந்தால் பாக்கி மெல்லக் கரைந்திருக்கும். ஆனால் 2020-21-இல் மூலதனச் செலவுக்கு என்று இந்த 50 ஆண்டுக் கடன் திட்டம் வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட எல்லா மாநிலமும் வாங்கியது. கையில் காசில்லாதவன் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? 2025-இல் வாங்கும் கடன் 2075 வரை நிற்கும். அதுவரை மாநிலத்தின் கடன் கணக்கில் டில்லியின் கையெழுத்தும் நிற்கும். சாவு வீட்டில் வட்டியில்லாமல் கைமாற்று கொடுத்துவிட்டு, அதைக் காட்டியே ஐம்பது வருடம் அந்த வீட்டின் அடுப்பங்கரை வரை வந்து அதிகாரம் செய்கிற பெரிய மனிதரை நமக்குத் தெரியும்.

இந்தக் கையெழுத்து அதிகாரத்தோடு மல்லுக்கட்டியவர், 2025-இல் கொட்டாரக்கரைச் சட்டமன்ற உறுப்பினராகவும் கேரள நிதியமைச்சராகவும் இருந்த தோழர் கே.என். பாலகோபால். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் பாலமும் கட்டக் கேரள அரசின் கிஃப்பி நிறுவனம் வாங்கிய கடனையும், முதியோர் ஓய்வூதியத்துக்கென வைத்த நிறுவனத்தின் கடனையும் ஒன்றிய அரசு மாநிலத்தின் கடன் உச்சவரம்பில் கழித்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ஆண்டுக்கணக்காகக் கடன் வாங்கிச் சாலை போட்டதே, அதை ஒன்றிய அரசின் பற்றாக்குறையில் எழுதினார்களா? 2023 டிசம்பரில் கேரளம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 பிப்ரவரி 8 அன்று கேரள அமைச்சரவையே ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தது. ஏப்ரல் 1-இல் வந்த உத்தரவு பாதி கசப்பு. இடைக்கால நிவாரணம் இல்லை என்றார்கள். ஆனால் 293-ஆவது பிரிவின் பொருள் என்ன என்பதை ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்மானிக்கட்டும் என்றும் அனுப்பினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பாலகோபால் ஐந்து மாநில நிதியமைச்சர்களைத் திருவனந்தபுரத்தில் ஒன்றாக உட்காரவைத்தார். நம் மாநில நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசும் போனார். 2025 பிப்ரவரி 7 பட்ஜெட்டில், டில்லி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வயநாட்டுக்கு முதல் கட்டமாக 750 கோடி என்று அறிவித்தார்.

கேரளத்தின் கஜானாவில் எல்லாம் சரி என்று நான் எழுத மாட்டேன். ஓய்வூதியம் மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது. 2025 பிப்ரவரி 10 முதல் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தூண்டிவிடப்பட்டவர்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதித் தள்ளும் தோழர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அப்போது மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தில் வீடுவீடாக ஏறி இறங்கியவர்கள் அவர்கள். மாநிலம் கொடுக்க வேண்டியதை மாநிலத்திடம் கேட்பார்கள், கேட்கட்டும். ஒன்றிய வரிப் பங்கில் 10-ஆவது நிதிக்குழு கேரளத்துக்கு 3.875 விழுக்காடு கொடுத்தது, 15-ஆவது குழு அதை 1.925 ஆக்கியது என்பதையும் சேர்த்தே பேசுவோம்.

சரி, இதில் தமிழ்நாட்டுக் கிளைகளுக்கு என்ன வேலை? எண்ணிப் பாருங்கள். கேரளத்தின் 20 மக்களவை இடங்களில் இடதுசாரிகளுக்கு இருப்பது ஒன்று, ஆலத்தூரில் தோழர் ராதாகிருஷ்ணன். தமிழ்நாட்டிலிருந்து போன இடதுசாரிகள் நால்வர்: மதுரை, திண்டுக்கல், திருப்பூர், நாகப்பட்டினம். பாலகோபால் சட்டமன்றத்தில் எழுப்பிய கேள்வியை மக்களவையில் எழுப்பும் குரல் நம் பக்கம்தான் அதிகம் இருக்கிறது. 2024-இல் தமிழ்நாட்டில் நம் கூட்டணியில் வென்ற 39 எம்.பி.க்களும் சேர்ந்தால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லாமல் தப்ப முடியாது. நமக்கும் இதே நோய்தான். பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று பள்ளிக் கல்விக்கான 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. அங்கே கடனுக்கு நிபந்தனை. இங்கே நமக்குச் சேர வேண்டிய பணத்துக்கே நிபந்தனை.

வயநாட்டு எம்.பி. பிரியங்கா காந்தியும் பிப்ரவரியில் பிரதமருக்கு எழுதியிருக்கிறார்: கடனை மானியமாக்குங்கள், கெடுவை நீட்டுங்கள் என்று. அவர் கட்சியோடு கேரளத்தில் நமக்கு ஆயிரம் வழக்கு. இந்தக் கடிதத்தோடு வழக்கு ஒன்றுமில்லை. அங்கேயுள்ள கோபதாபங்களை இங்கே இறக்குமதி செய்யாதீர்கள்.

இந்த வேலையை மார்ச் 8 மகளிர் தினக் கூட்டங்களிலேயே தொடங்குங்கள். கூடலூர், பந்தலூர், வால்பாறைத் தோட்டத் தோழர்கள் முன்னால் நில்லுங்கள். மண் சரிவு என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சனியும் ஞாயிறும் எம்.பி.க்கள் தொகுதியில் இருப்பார்கள். எந்தக் கட்சி எம்.பி. ஆனாலும் நேரில் போய், ஒன்றிய அரசிடம் அவையில் கேட்கச் சொல்லி மூன்று கேள்விகளை எழுதிக் கொடுங்கள். வயநாட்டுக்குக் கொடுத்த 529.50 கோடியை மானியமாக மாற்றுவீர்களா? மார்ச் 31 கெடுவை எடுப்பீர்களா? 50 ஆண்டுக் கடன்களை 293(3)-இன் பாக்கிக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதித் தருவீர்களா? மூன்றாவதைக் கடைசியில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். நிதியமைச்சகம் பதில் சொல்லத் திணறப்போவது அதற்குத்தான்.

கொடுத்த மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். திங்கட்கிழமை அவை தொடங்கியதும் பூஜ்ய நேரத்தில் உங்கள் எம்.பி. எழுந்தாரா என்று பாருங்கள். எழவில்லையென்றால் செவ்வாய்க்கிழமை மாலை, அந்த நகலோடு, அவர் அலுவலக வாசலில் தெருமுனைக் கூட்டம்.