சூப்பர்மேனைப் பெற்றவர் குமாஸ்தா!

1938-ம் ஆண்டு, மார்ச் மாதம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து வாலிபர்கள் இரண்டு பேர் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இருவருக்கும் வயது 23. ஒருவர் ஜெர்ரி சீகல், கதை எழுதுபவர். இன்னொருவர் ஜோ ஷஸ்டர், படம் போடுபவர்.

கிடைத்தது 130 டாலர். மொத்தம் 13 பக்கம். பக்கத்துக்கு 10 டாலர் கூலி.

கூலியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தப் பத்திரம் கதாநாயகனையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டது. அவன் பெயர் சூப்பர்மேன்!

அந்த வருஷமே "ஆக்‌ஷன் காமிக்ஸ்" முதல் இதழில் சூப்பர்மேன் பறக்காமல் குதித்துக்கொண்டு வந்தான். (பறக்கக் கற்றதெல்லாம் பிற்பாடு.) விலை 10 சென்ட். அதில் ஒரு பிரதி 2024-ல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 60 லட்சம் டாலர். அடேயப்பா!

முதல் வில்லன் யார்?

அந்த முதல் கதையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வேற்றுக் கிரகத்துப் படை இல்லை. பைத்தியக்கார விஞ்ஞானி இல்லை. சூப்பர்மேன் யாரைப் பிடித்து உலுக்குகிறான் தெரியுமா? பெண்டாட்டியை அடிக்கிற ஒரு ஆளை! செய்யாத கொலைக்குச் சாகப்போகும் ஒரு பெண்ணைக் காப்பாற்ற, நடுராத்திரியில் கவர்னர் வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போகிறான். அப்புறம் தலைநகரத்தில் செனட்டரைக் கைக்குள் போட்டுக்கொண்ட ஒரு தரகனைத் துரத்துகிறான்.

தெருவில் நாம் தினமும் பார்க்கிற வில்லன்கள்தான். சும்மா சொல்லக்கூடாது, எழுதியவருக்கு ஊர் தெரிந்திருந்தது.

ஜெர்ரி சீகல் ஒரு கடைக்காரர் மகன். அப்பா துணிக்கடை வைத்திருந்தார். 1932-ல் ஒரு நாள் கடைக்குள் திருடர்கள் வந்தார்கள். அந்த இடத்திலேயே அப்பா சுருண்டு விழுந்து இறந்துபோனார். குண்டு பாய்ந்தாலும் சாகாத மனிதனை மகன் படைத்தது இதனால்தான் என்று எழுதியவர்கள் உண்டு. ஜெர்ரி வாய் திறந்து அப்படிச் சொன்னதில்லை. எனக்கென்னவோ சொல்லத் தேவையில்லை என்றுதான் படுகிறது.

கோர்ட் வாசல்

சூப்பர்மேன் ரேடியோவில் வந்தான். சினிமாவில் வந்தான். பொம்மையாக விற்றான். 1947-ல் இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். ஏதோ பணம் கொடுத்து வழக்கை முடித்தார்கள். உரிமை திரும்பி வரவில்லை. வேலை போயிற்று. புத்தகத்தில் இருந்த இருவர் பெயரும் போயிற்று!

வருஷங்கள் ஓடின. ஜோவுக்குக் கண் பார்வை மங்கியது. படம் போடுகிறவருக்குக் கண் போனால் என்ன மிச்சம்? ஜெர்ரி கலிபோர்னியாவில் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா ஆனார். தபால் பிரிக்கிற உத்தியோகம்! பக்கத்து மேஜைக்காரருக்கு, இவர்தான் சூப்பர்மேனின் தகப்பன் என்று தெரிந்திருக்குமோ என்னவோ.

1975-ல் சூப்பர்மேனைப் பெரிய சினிமாவாக எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஜெர்ரி பொறுக்கமாட்டாமல் அந்தப் படத்துக்குச் சாபம் கொடுத்து ஒரு அறிக்கை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற இரண்டு ஓவியர்கள் இந்த வழக்கைக் கையில் எடுத்து ஊரெல்லாம் சொன்னார்கள். பேப்பரில் வந்தது, டெலிவிஷனில் வந்தது. கம்பெனிக்கு மானம் போகிற நிலை. அந்த டிசம்பரில்தான் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் என்று பென்ஷன் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். பெயரும் திரும்பி வந்தது. அப்போது இருவருக்கும் வயது 61.

1978-ல் வந்த அந்தப் படத்தில் கொஞ்ச நேரமே தலைகாட்டிய மார்லன் பிராண்டோவுக்குக் கொடுத்தது 37 லட்சம் டாலர்.

நம்ம ஸ்பைடர்

இனிமேல்தான் நம் ஊர் சங்கதி.

1984-ல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வர ஆரம்பித்தது. அதில் ஸ்பைடர் என்று ஒருவன். கூர்மையான காது, கறுப்பு உடை, வலை வீசும் துப்பாக்கி, பறக்கும் ஹெலிகார். திருட்டு உலகத்துக்கே ராஜாவாக வேண்டும் என்று கிளம்பி, பிறகு திருடர்களைப் பிடிக்கிறவனாக மாறியவன். பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து அவனைப் படித்த பசங்கள் இன்று தலை நரைத்து மாலை ரெயிலில் போய்க்கொண்டிருக்கிறார்கள். இதைப் படிப்பவர்களிலும் சிலர் இருக்கலாம்.

அந்த ஸ்பைடர் லண்டன் பத்திரிகைக் கதை. டெட் கவன் தொடங்கிவைத்தார். அடுத்து 1960-களில் அதை வாங்கித் தொடர்ந்து எழுதியவர் யார் தெரியுமா? அதே ஜெர்ரி சீகல்! சொந்தப் பிள்ளை கைவிட்டுப் போக, வேறொருவன் பிள்ளையை வளர்த்துப் பிழைத்தார். அந்த லண்டன் பத்திரிகையிலும் எழுதியவர் பெயர் போடும் வழக்கம் இல்லை. இங்கே நாம் ஸ்பைடரோடு பறந்துகொண்டிருந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். 1996-ல்தான் இறந்தார். ஜோ அதற்கு நாலு வருஷம் முன்பே போய்விட்டார்.

"கையெழுத்துப் போட்டார்கள் அல்லவா? 1938-ல் 130 டாலர் சின்னத் தொகையா?" என்று கேட்பார்கள். சட்டப்படி சரி. கம்பெனியும் பணம் போட்டது, அச்சடித்தது, விற்றது. லாபம் அவர்களுக்குத்தான். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் பெயரை ஏன் எடுக்கவேண்டும்? பெயர் போட எத்தனை சொட்டு மை செலவாகும்? பேட்மேனுக்கும் இதே கதிதான். 1939-லிருந்து அதை உருவாக்கிக் கொடுத்த பில் ஃபிங்கர் 1974-ல் இறந்தார். அவருக்குப் பங்கு உண்டு என்று கம்பெனி ஒத்துக்கொண்டது 2015-ல்! 41 வருஷம் கழித்து யார் வந்து பார்ப்பது?

நம் பக்கமும் பேசவேண்டும். நம் ஊரில் கதைக்குப் படம் போடுகிறவர், லண்டன் வசனத்தைத் தமிழாக்கித் தருகிறவர் பெயரெல்லாம் எத்தனை புத்தகத்தில் இருக்கிறது? பழைய இதழ் வைத்திருப்பவர்கள் இன்று இரவு பெட்டியைத் திறந்து பார்க்கட்டும்.

ஜெர்ரிக்கும் ஜோவுக்கும் கொடுத்த அந்த 1938 செக் 2012-ல் ஏலத்துக்கு வந்தது. வேறு கதைகளின் கூலியும் சேர்த்து எழுதிய தொகை 412 டாலர். ஏலத்தில் போனது 1,60,000 டாலர். அந்தச் செக்கில் இருவர் பெயரையும் தப்புத் தப்பாக எழுதியிருந்தார்கள்.