பாவம் பார்க்க வேண்டாம், பேர் போடுங்கள்!

தோட்டத்தில் ஒருவருக்குக் கையோ காலோ போய்விட்டால் முதலில் காதில் விழும் சொல் "பாவம்". துரையும் சொல்வார், கணக்கப்பிள்ளையும் சொல்வார், நமது தலைவர்மாரில் சிலரும் சொல்வார்கள். இரண்டு கிழமை கழித்து அதே ஆட்கள் வந்து, "இனி உனக்கு எதுக்கு வேலை? சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் எடுத்துக்கிட்டு வீட்டுல இரு" என்பார்கள். தோழர்களே, இரண்டு பேச்சும் ஒன்றுதான். முதற் பேச்சு ஆளை உட்கார வைக்கிறது. அடுத்த பேச்சு செக்ரோலில் இருந்து பேரை வெட்டுகிறது.

கணக்குப் பார்ப்போம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளத் தொழிலாளிக்குச் சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 20 வருடம் உழைத்தவருக்கு 280 நாள் சம்பளம். ஒரு வருடம் ஒழுங்காகப் பேர் போட்டால் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். சேமலாப நிதியோ ஏற்கனவே நமக்குச் சொந்தமான பணம். யாரும் தருகிற தர்மம் அல்ல. நாற்பது வயதில் கவ்வாத்துக் கத்தியாலோ ரோலர் இயந்திரத்தாலோ விரல்களை இழந்தவருக்கு இன்னும் இருபது வருட உழைப்பு மிச்சம் இருக்கிறது. அதை 280 நாளுக்கு விற்கச் சொல்வதுதான் இந்தப் "பாவம்".

ஏன் கடிதத்தில் கையெழுத்து வாங்க இவ்வளவு அவசரப்படுகிறார்கள்? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம்தான் காரணம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் குற்றம் எதுவும் இல்லாத தொழிலாளியைத் தொழில் கொள்வோர் தன் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். ஆணையாளரிடம் போனால் காரணம் சொல்ல வேண்டி வரும். உங்களிடம் வந்தால் ஒரு பேனா போதும். "சுகயீனம் காரணமாக நானாகவே விலகுகிறேன்" என்று எழுதிய தாள் அதற்குத்தான். நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர் என்று காட்டிச் சேமலாப நிதியை முன்கூட்டியே எடுக்கும் படிவமும் அப்படித்தான்: இனி என்னால் எந்த வேலையும் முடியாது என்று நீங்களே எழுதிக் கொடுப்பதாக ஆகும்.

"மலை ஏற முடியாதவருக்கு என்ன வேலை கொடுப்பது?" என்று நிர்வாகம் கேட்கிறது. தோட்டம் என்றால் மலை மட்டுமா? நாற்றுமேடையில் பைக்கு மண் நிரப்புவது, மடுவத்தில் கொழுந்து நிறுப்பது, கணக்கு எழுதுவது, தொழிற்சாலையில் தூள் தரம் பிரிப்பது, பொதி கட்டுவது, களஞ்சியம் பார்ப்பது, காவல், பிள்ளைக் காம்பரா என்று எத்தனை வேலைகள்! உட்கார ஒரு முக்காலி, நல்ல வெளிச்சம், காது கேளாதவருக்குச் சங்குச் சத்தத்துக்குப் பதிலாக ஒரு கொடி: இதற்கு ஆகும் செலவு துரையின் பங்களாத் தோட்டச் செலவில் ஒரு துளி. "ஆள் இல்லை, ஆள் இல்லை" என்று புலம்பும் கம்பனி, இருபது வருட அனுபவம் உள்ள ஆளை வீட்டுக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

அரைப்பேரும் வேண்டாம். வேலையை மாற்றிக் கொடுத்து, கிலோ குறைகிறது என்று சம்பளத்தை வெட்டுவது மறைமுகமான வேலை நீக்கம். இடம் மாறினாலும் பேர் முழுப்பேராக இருக்க வேண்டும். அதோடு நிற்கவும் கூடாது. ஒற்றைக் கையோடு நாற்றுமேடையைக் கரைத்துக் குடித்தவர், அங்கே ஏன் கங்காணி ஆகக் கூடாது? காவலாளி என்று ஒரு மூலையில் உட்கார வைத்து அப்படியே மறந்துவிடுவது வேலை கொடுப்பது ஆகாது.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு எடுக்கும்போது பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. வேலையில் இருக்கும்போது கை போனவரை வைத்திருப்பது பற்றியும் உயர்த்துவது பற்றியும் அந்தப் பிரிவில் பேச்சில்லை. ஆனால் இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 27ஆம் உறுப்புரை, வேலை செய்யும் காலத்தில் உடற்குறை வந்தவர்களையும் சேர்த்தே பேசுகிறது. வேலையில் தொடர்வதையும் முன்னேறுவதையும் உரிமை என்கிறது. கையெழுத்துப் போட்ட அரசாங்கம் அதை உள்நாட்டுச் சட்டமாக்க வேண்டும். கேட்க வேண்டியது தொழிற்சங்கம்.

வகுப்பறையில் நிற்பவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். தகப்பனின் பேர் செக்ரோலில் இருந்து போனால், சில மாதங்களில் பிள்ளையின் பேர் பாடசாலை இடாப்பில் இருந்து போகிறது. சாதாரண தரம் எழுத வேண்டிய பிள்ளை கொழும்பில் கடைக்கோ வீட்டு வேலைக்கோ போகிறது. ஒரு பேரை வெட்டும்போது இரண்டு பேர் வெட்டுப்படுகிறார்கள்.

ஆகவே தோட்டத் தலைவர்களே, மாதர் சங்கத் தலைவிகளே, இதைச் செய்யுங்கள். விபத்து நடந்த அன்றே அதை எழுத்தில் பதியச் செய்யுங்கள். நட்டஈடு வேறு, வேலை வேறு. நட்டஈடு வாங்கியதால் வேலை போய்விடாது என்று லயம் லயமாகச் சொல்லுங்கள். சங்கத்துக்குக் காட்டாமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்க விடாதீர்கள். மாற்று வேலை கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுங்கள். பிரதியைத் தொழில் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஏற்கனவே நிறுத்தப்பட்டவர் இருந்தால், நிறுத்திய நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும்; நாளைக் கடத்தாதீர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தோட்டத்தில் இப்படி வீட்டில் உட்கார வைக்கப்பட்டவர்களின் பட்டியலோடு வாருங்கள். முடிந்தால் அவர்களையே அழைத்து வாருங்கள். பிரட்டுக்களத்தில் அவர்கள் பேர் மறுபடி வாசிக்கப்படும் வரை இந்தக் கோரிக்கை நம் பட்டியலில் இருந்து இறங்கக் கூடாது.