நிலைக்குறிப்பில் பொய் எழுதலாமா?

சமாந்தரக் கணிப்பில் செயன்முறைகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பியும் இயங்குகின்றன. அதற்கான எம்.பி.ஐ. நியமம் 1994இல் வெளிவந்தது. பெறப்படும் செய்தியுடன் நிலைக்குறிப்பொன்றும் கிடைக்கும்: அனுப்பிய செயன்முறை எது, அடையாள எண் யாது, வந்த உறுப்புகள் எத்தனை என்பன அதனால் அறியப்படும். 1997இல் வந்த இரண்டாம் பதிப்பு, நிரலாளர் தாமே வகுக்கும் பணிகளுக்கு அக்குறிப்பை எழுதும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தது.

“அதை யார் வாசிக்கப் போகிறார்கள்?” என்று வெறுமையாய் விட்டுவிடுவோர் உளர். இவ்வாதம் பிழையானது. பணி முடியக் காத்திருப்போர் உள்ளே நடந்ததைக் காணார், குறிப்பையே நம்புவர். 100 உறுப்புகளுக்கு இடம் ஒதுக்கி 60 மட்டுமே வந்தவிடத்து, அதனைக் குறிப்பில் எழுதாவிடின் எஞ்சிய 40 இடங்களிற் கிடக்கும் பழைய எண்களும் கணக்கினுட் புகலாம். நிரல் நிற்காது, விடை பொய்க்கும். கைவிடப்பட்ட பணியை முடிந்ததெனக் காட்டுவதும் அத்தகையதே.

அனுப்பியவர் என எவரும் இல்லாத பணியில் என் செய்வது? நியமத்திலுள்ள உதாரணமே வழிகாட்டுகிறது: ‘வரையறுக்கப்படாதது’ என எழுதுக. இல்லாததை இல்லையென எழுதுவதும் மெய்யே. 2023இல் வந்த 4.1ஆம் பதிப்பு, அனுப்புநர், அடையாள எண், பிழை ஆகியவற்றைக் குறிப்பில் இடுவதற்கும் தனிச் சார்புகளைத் தந்துள்ளது. எனவே, கருவியில்லை என்ற சாக்கும் இனிச் செல்லாது. வேகத்தைப் பெரிதெனப் பேசும் நாம், பொய்யான விடையை விரைந்து பெறுவதால் அடையும் பயன் யாதென எண்ணிப் பார்ப்போமாக.