‘வெயிட் தூக்காதீங்கம்மா!’

அம்மாவின் எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே, அதாவது எலும்பு மெலிந்துவிட்டது என்று வந்துவிட்டால் வீட்டில் ஊரடங்கு அமலுக்கு வந்துவிடுகிறது. குடத்தைத் தொடாதே, மாடிப்படி ஏறாதே, “நீ உக்காரும்மா, நாங்க பாத்துக்கறோம்.” கூடவே முதுகுவலியும் இருந்தால் கட்டில், பெல்ட், தைலம். மகள், மருமகள், நாத்தனார், மருந்துக்கடைக்காரர் என எல்லோரும் ஒரே குரலில் சொல்வதால் இதுதான் மருத்துவம் என்று அந்தப் பெண்மணியும் நம்பிவிடுகிறார். பாசத்தில் சொல்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் எலும்புக்கு இதைவிடக் கெடுதலான யோசனை கிடைப்பது அரிது.

முதுகுவலிக்குப் படுக்கை ஓய்வு என்ற வைத்தியத்தின் சாயம் 1986-லேயே வெளுத்துவிட்டது. அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ குழுவினர் 203 நோயாளிகளில் ஒரு சாராருக்கு 2 நாள் ஓய்வும் மற்றவர்களுக்கு 7 நாள் ஓய்வும் எழுதிக் கொடுத்தார்கள். குறைவாகப் படுத்தவர்கள் எந்த வகையிலும் பின்தங்கவில்லை. அவர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவு. 1995-ல் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், வலி பொறுக்கிற அளவுக்கு அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே எல்லோரையும் முந்திக் குணமானார்கள். எலும்பின் கதையும் இதுவே. எடையற்ற விண்வெளியில் மிதக்கும் வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் அடர்த்தி இழக்கிறது. சுமை இல்லாத எலும்பை உடல் பராமரிப்பதில்லை. உட்காரவைக்கப்பட்ட அம்மாவுக்கும் மெதுவாக அதுதான் நடக்கிறது.

வீட்டாரின் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. எலும்பு மெலிந்தவர்களுக்குக் குனிந்து ஒரு வாளியைத் தூக்கும்போதே முதுகெலும்பு நொறுங்குவது உண்டு. ஆனால் அந்தக் குற்றத்தை எந்த அசைவின் மேல் சுமத்துவது? 1984-ல் மேயோ கிளினிக்கின் மெஹர்ஷீத் சினாகி 59 பெண்களை வைத்து இதைப் பார்த்தார். முதுகை முன்பக்கம் வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிய முறிவுகள். முதுகைப் பின்பக்கம் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்கு மட்டுமே. எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களில்? 67 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்த மூன்றாவது எண்ணைத்தான் நம் வீடுகளில் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். சும்மா இருந்தது பெரும்பாலானோரைக் காப்பாற்றவில்லை.

அப்படியிருக்க நாம் என்ன செய்கிறோம்? உடற்பயிற்சியைத் தடை செய்துவிட்டு, விடியற்காலையில் குட்டை விளக்குமாற்றோடு வாசலைக் கூட்டி, முதுகை வில்லாய் வளைத்துக் கோலம் போட விடுகிறோம். அல்லது யோகா நல்லதாயிற்றே என்று பாதஹஸ்தாசனத்துக்கும் பச்சிமோத்தானாசனத்துக்கும் அனுப்புகிறோம். யோகாவோடு எனக்குச் சண்டையில்லை. எலும்பு மெலிந்த முதுகை அடிவரை மடிக்கும் ஆசனங்களோடுதான் சண்டை.

“தினமும் வாக்கிங் போறேனே” என்பது அடுத்த ஆறுதல். போங்கள். முதுகுவலி திரும்ப வருவதை நடைப்பயிற்சி தள்ளிப்போடுகிறது என்று 2024-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஆனால் நடை எலும்புக்குப் பழகிப்போன சுமை. அதற்காக அது புதிதாக எதையும் கட்டாது.

எலும்புக்கு வேண்டியது படிப்படியாகக் கூடும் எடை. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக் குழுவினர், எலும்பு மெலிந்த, 58 வயதைத் தாண்டிய 101 பெண்களில் பாதிப் பேரை வாரம் இரு முறை, அரை மணி நேரம், கனமான பார்பெல் தூக்க வைத்தார்கள். 8 மாதத்தில் அவர்களுடைய கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் ஏறியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் இறங்கியது. பாரம் தூக்கியதால் யாருக்கும் எலும்பு முறியவில்லை. இதைப் படித்துவிட்டு நாளைக் காலை கேஸ் சிலிண்டரைத் தூக்கக் கிளம்பாதீர்கள். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று சிறிது சிறிதாக ஏற்றிய பாரம் அது. வீட்டில் தனியாகச் செய்யும் பயிற்சி டி-ஸ்கோரைப் பெரிதாக மாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டுப் பயிற்சியின் லாபம் வேறு இடத்தில்: முதுகுத் தசையிலும், விழாமல் நிற்கும் கால்களிலும்.

அந்த லாபத்துக்குப் பெரிய செலவில்லை. சினாகியின் இன்னொரு ஆய்வில் பெண்கள் பயன்படுத்திய கருவி எடை வைத்த ஒரு முதுகுப்பை, அவ்வளவுதான். கவிழ்ந்து படுத்து, பையை முதுகில் போட்டு, மார்பைத் தரையிலிருந்து சற்றே தூக்கி இறக்கினார்கள். 2 ஆண்டு செய்து நிறுத்திவிட்டார்கள். 10-ஆம் ஆண்டில் பார்த்தபோது, செய்யாதவர்களுக்கு முதுகெலும்பு முறியும் அபாயம் 2.7 மடங்கு. நம் வீட்டில் முதலில் பையே வேண்டாம், வெறும் உடம்பு போதும். கவிழ்ந்து படுக்க முடியாதவர்கள் சுவரில் முதுகை ஒட்டி நின்று தோள்களைப் பின்னுக்கு அழுத்தலாம். கைப்பிடி இல்லாத, வழுக்காத நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்காருங்கள். அது சுலபமானதும் இரு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், பிறகு ஒற்றைக் காலில் நில்லுங்கள். கீழே கிடப்பதை எடுக்க முதுகை மடிக்காமல் இடுப்பிலும் முழங்காலிலும் மடங்கப் பழகுங்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பயிற்சி முறையும் கணுக்காலில் கட்டும் சிறு எடைகள், சமநிலைப் பயிற்சி, நடை என்று வீட்டிலேயே செய்வதுதான். முதியவர்கள் விழுவதை அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்தது.

ஆயிரக்கணக்கில் விற்கும் அதிர்வு மெஷினுக்கும் காந்தப் படுக்கைக்கும் பணம் கொடுத்தவர்களிடம் இதைச் சொன்னால் ஏமாற்றமாகப் பார்க்கிறார்கள். நாற்காலிக்கு யார் விளம்பரம் செய்வார்கள்?

மருத்துவர் எழுதிய மாத்திரையைப் பயிற்சிக்காக நிறுத்தக் கூடாது. இருமியதும் முதுகில் திடீரென்று கடும் வலி, உயரம் குறைதல், காலில் பலவீனம், சிறுநீர் கட்டுப்படாமை இருந்தால் பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். மற்றபடி, ‘வெயிட் கூடாது’ என்று சொல்லும் மருத்துவரிடம் எத்தனை கிலோ, எத்தனை வாரம், அதற்குப் பதில் எந்தப் பயிற்சி என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் தேவைப்படுவோரின் வீட்டுக்கே வருகிறார்கள். சூடு ஒத்தடமும் ‘கரண்ட் வைப்பதும்’ போதும் என்று வருபவரை அனுப்பிவிடாமல், நாற்காலிப் பயிற்சியை உங்கள் எதிரிலேயே செய்து காட்டச் சொல்லி, அடுத்த மாதம் எத்தனை முறை, எவ்வளவு எடை என்று தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.