கேடயத்தில் இல்லாதவர்கள்

எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. படிவங்களில் அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் அப்பாவின் பெயரை எழுதிச் சமாளித்துவிடுவேன். இங்கிலாந்தில் வேலை பார்த்த இரண்டு வருடமும் எனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் என் அப்பாவுக்குத்தான் 'மிஸ்டர்' போட்டன. அப்படிப்பட்ட என்னிடம், கூட வேலை பார்த்த ஆங்கிலேய நண்பர் ஒருவர் தன் குடும்பத்தின் குலச்சின்னத்தைத் தேடித் தர முடியுமா என்று கேட்டார். கோட் ஆஃப் ஆர்ம்ஸ் என்பார்களே, அது. ஒரு கேடயம், அதில் சிங்கமோ பட்டையோ நட்சத்திரமோ, கீழே லத்தீனில் ஒரு வரி.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா பஸ் ஓட்டுநர். இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டு வரவேற்பறையில் ஒரு மரப்பலகை மாட்டியிருந்தார்கள். அதில் உலோகக் கேடயம், அடியில் அவர்கள் குடும்பப் பெயர். வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அதைக் காட்டிப் பெருமையாகப் பேசுவாராம். கல்லறைக் கல்லில் அதைச் செதுக்கலாம் என்று நண்பருக்கு ஆசை. செதுக்குவதற்கு முன்னால் அது உண்மைதானா என்று தெரிந்தாக வேண்டும். "நீதான் டேட்டாபேஸ் ஆளாச்சே" என்றார்.

மூன்று வார இறுதிகள் தேடினேன். அதில் வந்த கோபம்தான் இந்தக் கட்டுரை. போலிச் சின்னம் விற்கிற கடைக்காரர்கள்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அசல் என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிடும் பதிவேட்டின்மேல்தான் கோபம்.

முதலில் போலியை முடித்துவிடலாம், அது சுலபம். இங்கிலாந்தில் ஒரு குடும்பப் பெயருக்கு ஒரு குலச்சின்னம் என்று எதுவும் கிடையாது. சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுவது. அவரிடமிருந்து ஆண்வழியில் கீழே இறங்குவது. ஒரே பெயருள்ள நூறு குடும்பங்களில் ஒன்றுக்கு இருக்கலாம், தொண்ணூற்றொன்பதுக்கு இல்லாமல் போகலாம். எங்கள் பாஷையில் சொன்னால், பெயர் பிரைமரி கீ இல்லை. கடைக்காரர் அதை பிரைமரி கீயாக வைத்துத்தான் வியாபாரம் செய்கிறார். நாம் பெயரைச் சொன்னதும் பழைய தொகுப்பு ஒன்றில் அந்தப் பெயருக்கு நேரே இருக்கும் கேடயத்தை எடுத்துக் காபி கோப்பையில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார். பெர்னார்ட் பர்க்கின் 'ஜெனரல் ஆர்மரி' அப்படி ஒரு தொகுப்பு. 1884 பதிப்பில் ஏறக்குறைய 60,000 சின்னங்களின் வருணனை இருக்கிறது. அது தனியார் வெளியீடு, அரசுப் பதிவேடு அல்ல.

நண்பர் வீட்டுக் கேடயமும் அந்த ரகம்தான். அது தெற்கே வேறொரு கவுண்டியில் இருந்த நிலக்கிழார் குடும்பத்துடையது. நண்பரின் முன்னோர்கள் வடக்கே. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை அவர்களைத் தொடர முடிந்தது. பண்ணைக் கூலி. திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி. இரண்டு குடும்பத்துக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தமே தெரியவில்லை.

இந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் ஒரு பாடம் எடுப்பார்கள். கடைச் சரக்கை நம்பாதே, லண்டனில் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இருக்கிறது, அங்கே இருப்பதுதான் அசல் என்று. சரி, அசலையும்தான் பார்த்துவிடுவோமே.

பெயரில்தான் காலேஜ், அங்கே வகுப்பெல்லாம் கிடையாது. 1484-இல் மூன்றாம் ரிச்சர்ட் சாசனம் கொடுத்து ஏற்படுத்தியது. செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இன்றும் இயங்குகிறது. ஹெரால்டுகள் எனப்படும் அதிகாரிகள் பதின்மூன்று பேர். ரூஜ் டிராகன், புளூமேன்டில் என்றெல்லாம் பதவிப் பெயர்கள். அசல் பதிவேடுகளை நாமே போய்ப் புரட்ட முடியாது. கட்டணம் கட்டினால் அவர்கள் தேடிச் சொல்வார்கள். புதிதாகச் சின்னம் வேண்டும் என்றால் விண்ணப்பிக்கலாம், பல ஆயிரம் பவுண்டு ஆகும்.

இந்தப் பதிவேட்டின் பெரும் பகுதி எப்படி உருவானது? 1530-இல் எட்டாம் ஹென்றி ஹெரால்டுகளுக்கு ஓர் ஆணை கொடுத்தார். கவுண்டி கவுண்டியாகப் போய், யார் யார் குலச்சின்னம் வைத்திருக்கிறார்கள், எந்த உரிமையில் என்று விசாரிக்க வேண்டும். இந்தச் சுற்றுப்பயணங்கள் 1680கள் வரை நடந்தன. உரிமையை நிரூபித்தவரின் வம்சாவளி பதிவேட்டில் ஏறியது. நிரூபிக்க முடியாதவரின் சின்னம் கல்லறையில் இருந்தாலும் வெள்ளித் தட்டில் இருந்தாலும் அதைச் சிதைக்க ஹெரால்டுக்கு அதிகாரம் உண்டு. 'நான் கனவான் இல்லை' என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் பெயரை ஊரறிய அறிவிப்பார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு ஆக்சஸ் கண்ட்ரோல் லிஸ்ட்தான் ஞாபகம் வந்தது. யாருக்கு உள்ளே அனுமதி, யாருக்கு இல்லை என்று சர்வரில் ஒரு பட்டியல் வைத்திருப்போம். பட்டியல் துல்லியமாகத்தான் இருக்கும், இருந்தாக வேண்டும். ஆனால் அந்தத் துல்லியம் அனுமதியைப் பற்றியது மட்டும். வாசலில் செக்யூரிட்டி வைத்திருக்கும் நோட்டைப் புரட்டி ஊரின் வரலாற்றை எழுத முடியுமா? குலச்சின்னப் பதிவேட்டில் 'நான் யார்' என்று தேடுகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

அந்த அனுமதியாவது ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதா? நமக்கெல்லாம் தெரிந்த ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ராட்ஃபோர்டு கையுறைத் தொழிலாளி ஜான் ஷேக்ஸ்பியருக்கு 1596 அக்டோபரில் குலச்சின்னம் வழங்கப்பட்டது. பொன் நிறக் கேடயம், சாய்வாக ஒரு கருப்புப் பட்டை, அதன்மேல் ஈட்டி. பின்னால் இருந்து காரியத்தை நடத்தியவர் நாடகத்தில் சம்பாதித்த மகன் வில்லியம்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதன் வரைவுகள் இரண்டு இன்னும் காலேஜில் இருக்கின்றன. ஜானின் மூதாதையர் ஏழாம் ஹென்றிக்குச் செய்த சேவைக்காக வெகுமதி பெற்றவர்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தச் சேவைக்கு இதுவரை யாரும் சான்று கண்டுபிடிக்கவில்லை.

1602-இல் ரால்ஃப் புரூக் என்ற ஹெரால்டு சண்டைக்கு வந்தார். தகுதியில்லாதவர்களுக்கெல்லாம் தன் மேலதிகாரி சின்னம் வழங்கிவிட்டார் என்று ஒரு பட்டியலே போட்டார். அதில் 'நடிகர்' என்ற அடைமொழியோடு ஷேக்ஸ்பியர் பெயரும் உண்டு. இந்த நேர்மையாளர் 1616-இல் என்ன செய்தார் தெரியுமா? மேலதிகாரியாக இருந்த இன்னொருவரை மாட்டிவிடுவதற்காக, லண்டனில் தூக்குப் போடும் ஆள் ஒருவருக்கு அரச குடும்பச் சின்னத்தையே வழங்க வைத்தார். விஷயம் வெளியே வந்து ஏமாற்றியவர், ஏமாந்தவர் இரண்டு பேருமே சிறைக்குப் போனார்கள். அசல் பதிவேட்டை எழுதிய கைகள் இவை.

நான் சொல்ல வந்தது இந்த ஊழலைக்கூட அல்ல. 1596 ஆகஸ்டில், சின்னம் கிடைப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, வில்லியமின் ஒரே மகன் ஹாம்நெட் பதினோரு வயதில் இறந்துபோனான். சின்னத்தைத் தூக்கிச் செல்ல வேண்டிய பிள்ளை அவன். வில்லியமின் தம்பிகளின் வழியிலும் வம்சம் தொடரவில்லை. வில்லியமின் கடைசி நேர்வாரிசான பேத்தி எலிசபெத் 1670-இல் இறந்தார். பதிவேட்டைக் கேட்டால் கதை முடிந்தது என்று சொல்லும்.

முடியவில்லை. வில்லியமின் தங்கை ஜோன், ஹார்ட் என்ற தொப்பித் தொழிலாளியை மணந்தார். அவருடைய சந்ததி இன்றும் இருக்கிறது. ஜான் ஷேக்ஸ்பியரின் ரத்தம் இன்று ஓடுவது அந்த ஒரு கிளையில்தான். ஆனால் பெண்வழி என்பதால் ஈட்டிக் கேடயம் அவர்களுக்குக் கிடையாது. உயிரோடு இருக்கும் குடும்பத்தை 'அற்றுப்போனது' என்று சொல்லும் ஆவணத்தை நான் என்னவென்று நம்புவது?

இதை எண்ணிக்கையாகவும் பார்க்கலாம். பத்துத் தலைமுறை மேலே போனால் அந்த ஒரு வரிசையில் மட்டும் ஒருவருக்கு 1024 முன்னோர் இடங்கள் இருக்கின்றன. எங்கள் துறைக்காரர்களுக்கு ரொம்பப் பழகிய எண். அதில் பாதி, 512 இடங்கள், பெண்களுடையவை. குலச்சின்னம் பின்தொடர்வது இந்த 1024 பேரில் ஒரே ஒருவரை. நண்பருடைய கேடயம் போலியாக இல்லாமல் அசலாகவே இருந்திருந்தாலும், அது அவரைப் பற்றிச் சொல்லக்கூடிய உண்மை 1024-இல் ஒரு பங்குதான். மீதி 1023 பேரைச் சேமிக்காத ஒன்றுக்குக் குடும்ப வரலாறு என்று பெயர் வைக்கலாமா? அப்பா பெயரை மட்டும் சுமந்துகொண்டு திரியும் நானும் இந்தக் கேள்விக்குள் வருகிறேன்தான்.

பதிவேட்டில் இல்லாதவர்கள் சில சமயம் படமாக மட்டும் வருவார்கள். 1560களில் ஜான் ஹாக்கின்ஸ் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கப்பலில் ஏற்றிக் கரீபியனில் விற்றார். 1565-இல் அவருக்குக் குலச்சின்னம் வழங்கப்பட்டது. கேடயத்துக்குமேல் வரும் முகட்டுச் சின்னம் என்ன தெரியுமா? கயிற்றால் கட்டப்பட்ட ஒரு ஆப்பிரிக்க மனிதனின் பாதி உருவம். முறைப்படி வழங்கப்பட்ட அசல் சின்னம்தான் இதுவும். விற்றவருக்குப் பெயர், வம்சாவளி எல்லாம் உண்டு. கட்டப்பட்டவர் வெறும் அலங்காரம்.

வழங்குகிறவனின் அதிகாரம்தான் இதில் மையம் என்பதற்கு நம் பக்கத்துச் சாட்சியும் இருக்கிறது. 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில், விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்த கொண்டாட்டத்தை ஒட்டி, இந்திய மன்னர்களுக்குப் பட்டுக்கொடிகள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஐரோப்பிய பாணிக் குலச்சின்னம். அவற்றை வடிவமைத்தவர் ராபர்ட் டெய்லர் என்ற வங்காள சிவில் சர்வீஸ் அதிகாரி. பல தலைமுறை ஆண்ட குடும்பங்களுக்கு ஒரு அதிகாரி மேசையில் உட்கார்ந்து பாரம்பரியம் வரைந்து கொடுத்தார், அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். 'ஆண்ட பரம்பரை' போஸ்டர் ஒட்டுகிறவர்கள் ஒருமுறை இதை நினைத்துப் பார்க்கலாம்.

மறுதரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. பெயருக்குச் சின்னம் கிடையாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள் ஹெரால்டுகள்தான். அவர்களுடைய ஆவணங்கள் இருப்பதால்தான் என்னால் அந்த மரப்பலகையைப் போலி என்று சொல்ல முடிந்தது. கனடாவில் 1988-இல் தொடங்கிய குலச்சின்ன ஆணையம் மகளுக்கும் மகனுக்கும் சமமாகச் சின்னம் இறங்க வழி செய்திருக்கிறது. வரைகலையாகப் பார்த்தால் இது அழகான மரபு என்பதையும் மறுக்க மாட்டேன். அழகுக்காக வாங்குங்கள், மாட்டுங்கள். அடையாளத்தை மட்டும் அங்கே தேடாதீர்கள். நீங்கள் தேடும் ஆட்கள் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் ஏழைகள் நிவாரணக் கணக்கிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இருக்கிறார்கள். அங்கேயும் முழுமையாக இருக்க மாட்டார்கள்தான். ஆனால் உள்ளே வருவதற்கு அவர்கள் கனவான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் நண்பரிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். அப்போது நான் ஜெயித்த மாதிரி ஒரு எண்ணம் வேறு. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அந்தப் பலகையை அப்பா வாங்கியபோது அவருக்கு ஏழு வயதாம். கோடை விடுமுறையில் கடற்கரை ஊர் ஒன்றில், ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசில், கடைக்காரரிடம் பேரம் பேசி வாங்கினாராம். ரயிலில் திரும்பி வரும்போது வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தாராம்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று வாரம் அந்தப் பலகையைப் பற்றி எல்லாவற்றையும் தேடிய நான், அது இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று மட்டும் கேட்கவே இல்லை. அந்தக் கேடயத்தைப் பற்றிய உண்மையான குடும்ப ஆவணம் அந்த ரயில் பயணம்தான். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பலகை இன்னும் அதே சுவரில் இருக்கிறது. கல்லில் கேடயத்தைச் செதுக்கவில்லை. அப்பாவின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், அடியில் 'பஸ் ஓட்டுநர்'. பக்கத்திலேயே அம்மாவின் பெயருக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்த அவருடைய குடும்பப் பெயரையும் சேர்த்தே செதுக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாராம்.