‘இப்போது வேலை செய்கிறது’ என்பது போதுமா?

புதிதாக வாங்கிய ஒற்றைப் பலகைக் கணினியில் பழைய மென்பொருள் ஓட மறுத்தால் நாம் சலித்துக்கொள்கிறோம். அப்படி மறுப்பது ஆய்வாளருக்குச் செய்யும் உதவி என்று இப்போது கருதுகிறேன். மறுக்காமல் ஓடிவிடும் மென்பொருளைத்தான் அஞ்ச வேண்டும். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகளைக் கொண்டு சோதனைக் கருவிகளைத் தாமே அமைத்துக்கொள்ளும் மாணவர்கள் பெருகிவருகிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்பதால், என் ஆய்வில் நேர்ந்ததைச் சற்று விரிவாக எழுதுகிறேன். இதில் குற்றம் கருவியினுடையது அன்று, என்னுடையது.

சோதனை எளியது. திரையில் ஓர் எழுத்துத் தொடர் தோன்றும். அது தமிழ்ச் சொல்லாயின் வலப்பொத்தானையும், அன்றாயின் இடப்பொத்தானையும் அழுத்த வேண்டும். ‘மரம்’ வந்தால் வலம். ‘நுடவம்’ வந்தால் இடம். தொடர் தோன்றியதிலிருந்து விரல் அழுத்தும்வரை எவ்வளவு நேரம் என்பதே தரவு. 1971இல் மேயர், ஷ்வானெவெல்ட் ஆகிய இருவரும் இம்முறையைக் கொண்டு, பொருளால் உறவுடைய சொற்கள் அடுத்தடுத்து வந்தால் விரைந்து அறியப்படுகின்றன என்று காட்டினர். அன்று முதல் உளமொழியியலில் இது அன்றாடக் கருவி. பழகிய சொல்லுக்குப் பெரும்பாலோர் அரை நொடியை ஒட்டியே விடை தந்துவிடுவர். நாம் தேடும் வேறுபாடுகளோ பல வேளைகளில் இருபது, முப்பது மில்லிநொடிகளே.

சாதாரண விசைப்பலகை இதற்கு ஏற்றதன்று. அது தன் விசைகளை இடைவெளி விட்டுத்தான் சரிபார்க்கும். கணினியும் அதனிடம் இடைவெளி விட்டுத்தான் கேட்கும். அந்த இடைவெளிகள் அளவீட்டில் கலந்துவிடும். இதற்கென விற்கப்படும் பொத்தான் பெட்டிகள் என் கைக்கு எட்டாத விலை. ஆகவே இரண்டு பொத்தான்களைப் பிளாஸ்டிக் டிபன் டப்பா ஒன்றின் மூடியில் பதித்து, ராஸ்பெர்ரி பை 4இன் ஜிபிஐஓ பின்களில் இணைத்துக்கொண்டேன். சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களிடம் அதைக் கொண்டு சோதனையை முடித்தேன். ஐதராபாத்தில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்தினரிடம் தொடங்கும் வேளையில் அந்தப் பலகை செயலிழந்தது. புதிதாக ராஸ்பெர்ரி பை 5 வாங்கினேன். அதே நாற்பது பின்கள், அதே வரிசை. நினைவக அட்டையில் புதிய இயங்குதளத்தை ஏற்றி, என் பைத்தான் நிரலை அப்படியே நகலெடுத்தேன்.

அது ஓடவில்லை. முதலில் பிப் கட்டளை மறுத்தது: இந்தப் பைத்தான் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்றது. டெபியன் 12இலிருந்து இயங்குதளத்தின் பைத்தானில் நாம் நினைத்ததை எல்லாம் நிறுவிவிட முடியாது. தனி மெய்நிகர் சூழலை உருவாக்கிக்கொள்ள வேண்டும். பிழைச்செய்தியே அதற்கான வழியையும் சொல்லிவிடுகிறது. அதைக் கடந்ததும் ‘ஆர்பிஐ டாட் ஜிபிஐஓ’ என்னும் நிரலகம், சிப்பின் முகவரியைத் தன்னால் கண்டறிய முடியவில்லை என்று நின்றுவிட்டது.

இதற்கும் காரணம் உண்டு. முந்தைய பலகைகளில் அந்த நாற்பது பின்கள் முதன்மைச் சிப்பின் கட்டுப்பாட்டிலேயே இருந்தன. அந்த நிரலகம் சிப்பின் பதிவேடுகளை நினைவக முகவரி வழியாக நேரே தொட்டு வேலை செய்தது. 2023இல் வந்த பை 5இலோ பின்கள் ஆர்பி1 என்னும் தனிச் சிப்புக்குப் போய்விட்டன. அது பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக முதன்மைச் சிப்புடன் பேசுகிறது. பழைய நிரலகம் கதவைத் தட்டும் வீட்டில் இப்போது யாரும் இல்லை. இதை நான் குறையாகக் கருதவில்லை. லினக்ஸ் கெர்னல் தரும் பொது வழியை விட்டுக் குறுக்குவழியில் போன நிரலகம் என்றேனும் ஒரு நாள் இப்படி நிற்கத்தான் வேண்டும். நின்றபோது உரக்கச் சொல்லிவிட்டு நின்றது.

அடுத்து நான் செய்ததே தவறு. தேடிய இடமெல்லாம் ஒரே பரிகாரம் கிடைத்தது: பழைய நிரலகத்தை நீக்குக, ‘ஆர்பிஐ எல்ஜிபிஐஓ’வை நிறுவுக. அது பழையதன் பெயரையே தன் பெயராகக் கொண்டு, அதே செயற்கூறுகளை அதே பெயர்களில் தருகிறது. ஒரே பெயர் என்பதால் இரண்டும் ஒருங்கே இருக்க முடியாது. என் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன், விடை பதிவானது. இந்தப் பரிகாரத்தின் கீழே எத்தனையோ பேர் நன்றியுடன் எழுதியிருந்த அதே சொற்களை நானும் என் குறிப்பேட்டில் எழுதினேன்: ‘இப்போது வேலை செய்கிறது.’

ஐதராபாத் தரவு வந்தபோது மகிழ்ந்தேன். சென்னைக் குழுவைவிட இக்குழுவின் நேரம் தெளிவாக மிகுந்திருந்தது. தமிழைப் பேசினாலும் படிக்கும் வாய்ப்புக் குறைந்தவர்கள். எனவே எழுத்துவடிவில் சொல்லை அறியத் தாமதம் ஆகிறது. இந்த விளக்கத்தை நான்கு பக்கம் எழுதியும் விட்டேன். உறுத்தியது ஒன்றுதான்: எளிய சொல், அரிய சொல், போலிச் சொல் என எல்லாவற்றிலும் தாமதம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. வாசிப்புப் பழக்கம் காரணமாயின் அரிய சொற்களில்தான் அது பெருகியிருக்க வேண்டும். ஐயம் தீர, முன்பு பழைய பலகையில் என்னையே சோதித்து வைத்திருந்த முடிவை எடுத்துக்கொண்டு, புதியதில் நானே அமர்ந்தேன். நானும் அதே அளவு மெதுவாகியிருந்தேன். சென்னையிலிருந்து ரயிலேறிய இரவில் எனக்குத் தமிழ் மறந்திருக்க வாய்ப்பில்லை.

பொத்தானை அழுத்தும்போது உள்ளிருக்கும் உலோகத் தகடுகள் ஒரே தடவையில் சேர்ந்து நின்றுவிடுவதில்லை. சில மில்லிநொடிகள் அதிர்ந்து, தொட்டுத் தொட்டு விலகிய பின்னரே நிலைபெறும். ஓர் அழுத்தம் பல அழுத்தங்களாகப் பதிவாகாதிருக்க நிரலகத்திடம் ஒரு கால அளவைத் தருகிறோம். நான் தந்தது 50 மில்லிநொடி. பழைய நிரலகம் முதல் தொடுகையை உடனே அறிவித்துவிடும். அதன்பின் 50 மில்லிநொடிக்குள் வருபவற்றைப் புறக்கணிக்கும். புதியதோ, பின்னின் நிலை 50 மில்லிநொடி மாறாமல் நிற்கிறதா என்று காத்திருந்து, நின்ற பிறகே அறிவிக்கும். என் நிரல் அறிவிப்பு வந்த கணத்தையே விடையின் நேரமாகக் குறித்தது. ஒரே சொல், ஒரே எண், இரண்டு பொருள். சங்கப் பாடலில் ‘நாற்றம்’ என்று கண்டவுடன் மூக்கைப் பொத்திக்கொள்ளும் மாணவரைத் திருத்தும் பயிற்சி பெற்றவன் நான். அதே பிழையை நிரலில் செய்தேன்.

இந்த வேறுபாடு அந்த நிரலகத்தின் ஆவணத்தில் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பின்னை வெளியீடாக்கி, அதிலிருந்து பொத்தான் பின்னுக்குக் கம்பி இணைத்து, குறித்த கணத்தில் குறிப்பலை அனுப்பி, அறிவிப்பு எப்போது வருகிறது என்று பார்த்தேன். தாமதம் ஐம்பதை ஒட்டியே வந்தது. நான்கு பக்க விளக்கம் குப்பைக்குப் போனது.

ஐம்பதைக் கழித்துவிட்டால் தீர்ந்ததே என்றார் நண்பர் ஒருவர். தீராது. காத்திருப்பு, தகட்டின் கடைசி அதிர்விலிருந்து தொடங்குகிறது; அதிர்வு நீளும் காலம் அழுத்தத்துக்கு அழுத்தம் மாறும். அதையேனும் சிறிது என்று விடலாம். 50 மில்லிநொடி கடக்குமுன் விரலை எடுத்துவிட்டவரின் அழுத்தம் பதிவே ஆகியிருக்காது. அதாவது, விரைந்து தட்டியவர்களின் விடைகள் சில என் தரவில் இல்லாமலே போயிருக்கலாம். இல்லாததிலிருந்து எதைக் கழிப்பது?

பொருத்தப்பாட்டுச் சிக்கலை நாம் அணுகும் முறையே எனக்கு உடன்பாடில்லை. பிழைச்செய்தியைப் பகைவனாகவும், அது மறைவதை வெற்றியாகவும் கொள்கிறோம். பை 5இன் கெர்னல் நினைவகத்தை 4 கேபிக்கு மாறாக 16 கேபி பக்கங்களாகப் பிரிப்பதால் சில மென்பொருள்கள் நின்றுவிடுகின்றன. உடனே அமைப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்துப் பழைய கெர்னலுக்கு மாறு என்று அறிவுரை வருகிறது. பலருக்கு அது சரியான தீர்வுதான். ஆனால் ஏன் என்று கேட்காமல் ஒட்டப்படும் வரி, ஆறு மாதம் கழித்து வேறு யாருடைய அளவீட்டிலோ தலைகாட்டும். விளக்கொன்றை எரியவைப்பவருக்கு ‘வேலை செய்கிறது’ போதும். அளப்பவருக்குப் போதாது, முன்பு எப்படி வேலை செய்ததோ அப்படியே செய்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கான விடையை எந்தப் பிழைச்செய்தியும் தராது.

ஆய்வேடுகளும் இதற்கு உடந்தை. கருவி பற்றிய பகுதியில் ‘கணினி வழியாக நேரம் அளக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியை எத்தனை ஏடுகளில் படித்திருக்கிறேன்! தகவலாளியின் வயது, ஊர், கல்வி, பேசும் மொழிகள் எல்லாம் அட்டவணையில் இருக்கும். பலகையின் மாதிரி, இயங்குதளப் பதிப்பு, நிரலகத்தின் பெயரும் பதிப்பும் இருக்காது. சோதனையின் நடுவில் கருவி மாறியதா என்று வாய்மொழித் தேர்வில் கேட்கும் பேராசிரியரையும் நான் கண்டதில்லை. என்னிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தற்போது பொத்தான் நேரத்தைக் கெர்னலின் நிகழ்வுக் குறியிலிருந்தே எடுக்கிறேன். அதிர்வை வடிகட்டும் வேலையைத் தரவு முழுவதும் சேமிக்கப்பட்ட பின்னர் என் நிரலே செய்கிறது. ஒவ்வொரு நாளும் சோதனை தொடங்குமுன் கம்பி இணைத்துத் தாமதத்தை அளந்து, அந்த எண்ணையும் தரவுக் கோப்பின் முதல் வரியில் எழுதிவைக்கிறேன். ஐதராபாத் குழுவினரை மறுபடி அழைத்திருக்கிறேன். சொற்களை ஒருமுறை பார்த்துவிட்டவர்கள் என்பதால் புதிய சொற்பட்டியல் வேண்டும். அதைத் தொகுக்கும் வேலை பாதியில் இருக்கிறது.