சிவப்புக் கலர் யாருக்குத் தெரியணும்?

காட்டுத்தீ அபாய மேப்தான் எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னு சொன்னா, காரைக்குடியில எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "இங்க ஏதுப்பா காடு?" கேலி நியாயம்தான். நம்ம பக்கம் தைல மரமும் சீமைக்கருவேலமும்தான். அதனால நாங்க எடுத்தது தேனி மாவட்டம் குரங்கணி.

2018 மார்ச் 11 அன்று அங்கே மலையேறப் போனவர்களை, காய்ந்த புல்லில் பரவிய தீ சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் இறந்துட்டாங்க. சென்னையில ஐடி வேலை பார்த்தவங்களும் அதுல உண்டு. அடுத்த வருஷம் நம்மள்ல பாதிப்பேர் அங்கதான இருப்போம்?

எரியுற தீயை சாட்டிலைட் கண்டுபிடிக்கிறது வேற, எங்க எரியலாம்னு முன்னாடியே சொல்றது வேற. விஐஐஆர்எஸ் சென்சாரில் ஒரு பிக்சல் 375 மீட்டர். அது தலைக்கு மேல வர்ற நேரத்துலதான் பார்க்கும். அந்த எஸ்எம்எஸ் வந்து சேர்றதுக்குள்ள சரிவுல தீ மேல ஏறிடும். அபாய மேப்புக்கு அந்த அவசரம் கிடையாது. செடி எவ்வளவு காய்ஞ்சிருக்கு, சரிவு எவ்வளவு, பாதை எவ்வளவு பக்கம், முன்னாடி எங்க எரிஞ்சது, எல்லாமே தீ பிடிக்கும் முன்பே கையில் இருக்கிற டேட்டா.

ஆனா ரிவ்யூல கேட்டது அக்யூரசி எத்தனை சதவீதம்னுதான். இந்தச் சிவப்புக் கலரை யார் பார்ப்பாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. நாங்களும் யோசிக்கல, ஒத்துக்குறேன். அடிவாரத்துல நிக்கிற வனக்காவலருக்கு எங்க பிடிஎஃப் எதுக்கு? "இன்னைக்கு மேல விடாதீங்க"ன்னு காலையில அவர் போனுக்கு ஒரு வரி போனா போதும்.

ஜூனியர்ஸ், இதே டாபிக் எடுத்தா கோடு எழுதுறதுக்கு முன்னாடி அவரைப் போய்ப் பாருங்க. எந்தப் பாதையில சிக்னல் கிடைக்காதுன்னு அவருக்குத்தான் தெரியும்.